ஓடாத சைக்கிளை உப்புத் தின்னும்

மவுண்டன் பைக் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எங்களிடம் வரும் முதல் கேள்வி, "இஞ்ச மலை எங்க கிடக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. திருகோணமலை என்ற பெயரில் மலை இருக்கிறது, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையும் இருக்கிறது. பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால் நுழைந்து, படுத்திருக்கும் மான்களைச் சுற்றிக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் உச்சிக்கு வந்துவிடலாம். அதற்கு 21 கியர் தேவையில்லை.

எங்களுக்கு அது தேவைப்பட்டது தார் ரோட்டை விட்டு இறங்குவதற்கு. ஏ12 வீதியிலிருந்தும் நிலாவெளி வீதியிலிருந்தும் உள்ளே பிரியும் கிரவல் ரோட்டுகள், குளக்கட்டுகள், மாட்டுத் தடங்கள், களப்போரத்து மணல். எங்கட மாவட்டத்தின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அந்த ஊர்களின் பெயர்ப்பலகை மட்டும்தான் தெரியும்.

ஐந்து பேராகத் தொடங்கியது 2022 இல். பெற்றோல் வரிசை, பிறகு வந்த கியூஆர் கோட், வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்ற கணக்கு எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். வீட்டுக் கோடிகளில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலையோ எங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அதனால் பழசுகளைத்தான் தேடிப் பிடித்தோம். லுமாலா இரண்டு, ஜப்பானில் பாவித்து இங்கே வந்தவை இரண்டு, எங்களில் ஒருத்தியின் மாமா விட்டுப்போன மவுண்டன் பைக் ஒன்று.

பழசு என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த விளையாட்டே பழைய இரும்பில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைப்பக்கம் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்த பாரமான சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்து மண் ரோட்டில் உருட்டி விளையாடினார்கள். 1976 ஒக்ரோபரில் அதைப் போட்டியாக்கினார்கள். மூன்றரைக் கிலோமீற்றருக்குள் 400 மீற்றர் இறக்கம். அந்தச் சைக்கிள்களின் பிரேக் பின் சில்லின் ஹப்புக்குள் இருக்கும். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேரும்போது ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிறீஸ் எல்லாம் புகையாகப் போயிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயரே 'ரீபேக்': திரும்ப அடைத்தல். மவுண்டன் பைக்கின் முதல் பெயர்பெற்ற போட்டிக்கு ஒரு திருத்த வேலையின் பெயர் கிடைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்த விசயம்.

எதை வாங்குவது

நாங்கள் போகும் சைக்கிள் கடை ஐயாவுக்கு எந்தச் சைக்கிளைக் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "இது உடைஞ்சா சாமான் ஆரிட்ட இருக்கு?" எத்தனை கியர், என்ன பிராண்ட் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "தம்பி, சாமானுக்குக் கொழும்புக்கு ஆள் பாக்கிற சைக்கிள் இஞ்ச நிண்டிடும்" என்பார். இந்த ஒரு கேள்வியை வைத்தே எல்லாவற்றையும் தெரிவு செய்யலாம்.

முதலில் சில்லு. உலகத்தில் பெரிய கம்பனிகள் பத்து வருசத்துக்கு மேலாக 27.5, 29 அங்குலத்துக்கு மாறிவிட்டன. ஓட்டத்துக்கு 29 நல்லதுதான், மணலிலும் கல்லிலும் உருண்டு போய்விடும். ஆனால் எங்கட கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது 26 அங்குல டியூப்தான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பான் சைக்கிள் டயரில் 26×1⅜ என்று இருக்கும், மவுண்டன் பைக் டயரில் 26×1.95 என்று இருக்கும். இரண்டும் 26 தானே என்று வாங்கினால் ஒன்று மற்றதுக்கு ஏறாது. டயரின் பக்கத்தில் சின்னதாக 590 அல்லது 559 என்று மூன்று இலக்கம் இருக்கும். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீற்றரில். கடைக்குப் போக முதல் அந்த இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது பிரேக். ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக் மலிவு, கட்டை எங்கேயும் கிடைக்கும். ஆனால் மணல் ஒட்டினால் ரிம்மையே அரைத்துவிடும். எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் பிடிப்பில் முதலாவது. ஆனால் ஷிமானோ போன்றவை மினரல் ஒயிலில் ஓடுபவை. மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் டொட் எண்ணெயை அதற்குள் விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். நடுவில் இருப்பது கேபிளில் ஓடும் டிஸ்க். கேபிள் அறுந்தால் ஊர்க் கடையிலேயே மாற்றலாம். இந்தக் காசுக்கும் இந்த ஊருக்கும் எங்கட வாக்கு அதற்குத்தான்.

முன்னுக்குத் துள்ளும் சஸ்பென்சன் ஃபோர்க் பார்க்க வடிவு. மலிவான சைக்கிளில் வருவது பாரம் கூடினது, அதன் இரும்புக் குழாய் கடற்காற்றில் துருவேறி ஒரு நாள் துள்ளாமலே நின்றுவிடும். அதைவிட நேரான ஃபோர்க்கும் அகலமான டயரும் மேல். டயருக்குள் இருக்கும் காற்றுத்தான் காசில்லாத சஸ்பென்சன். தார் ரோட்டில் 40 பி.எஸ்.ஐ. அளவில் ஓடுகிறோம், மணலில் 25 வரை இறக்குகிறோம், திரும்பி ரோட்டுக்கு ஏறும்போது பம்மை எடுக்கிறோம்.

உப்பு

மலைநாட்டில் சைக்கிளுக்கு எதிரி சேறு. எங்களுக்கு எதிரி காற்று. மூன்று பக்கமும் கடல் உள்ள நகரம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதனால் சைக்கிள் மழையில் நனையாவிட்டாலும் உலோகம் காய்வதில்லை. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் நடுவில் உப்பு ஈரம் வந்தால் சின்ன பற்றரி மாதிரி வேலை நடக்கும், அலுமினியம் அரிக்கப்படும். இரும்பு பிரேமுக்குள் அலுமினியச் சீற் குழாய் இறுகிப் போவது இதனால்தான். ஒரு வருசம் அசைக்காமல் விட்டால் பிறகு சுத்தியலாலும் வராது. இரண்டு மாதத்துக்கு ஒருக்கா வெளியே இழுத்து, துடைத்து, கிறீஸ் பூசி, திரும்ப விட்டால் போதும். ஐந்து நிமிச வேலை.

கடற்கரையில் ஓடி வந்த அன்றே நல்ல தண்ணியால் கழுவ வேண்டும். வாளியும் துணியும் போதும். சேர்விஸ் ஸ்டேசனில் பிரசரில் அடித்தால் தண்ணி பெயாரிங்குக்குள் போய்க் கிறீஸைத் தள்ளிவிடும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. கொஞ்ச நாளில் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரத்தாள்தான். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெயோ செயின் எண்ணெயோ இணைப்புக்கு ஒரு துளி விட்டு, செயினைச் சுற்றி, வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருக்க வேண்டியது உருளைக்கு உள்ளே. வெளியே இருக்கும் எண்ணெய் மணலைக் கூப்பிடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க விலைகூடிய கருவி வேண்டாம், பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். அதிலிருந்து எண்ணினால் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் பின்னால் இருக்கும் பல்லுச் சில்லுகளும் சேர்ந்து போய்விட்டன. முதலாவதில் பிடித்தால் செலவு கொஞ்சம், இரண்டாவதில் பிடித்தால் கையைக் கடிக்கும்.

போன இடங்கள்

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஏழு கிணறும் ஏழு சூடு என்று சொல்வார்கள், விடியக்காலையில் போனால் வாளியோடு ஆறுதலாக நிற்கலாம். அதைத் தாண்டி உள்ளே, பெரியகுளப் பக்கம் போனால் வெல்கம் விகாரை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இதை 'இராசராசப் பெரும்பள்ளி' என்று சொல்கின்றன. பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் தானம் எழுதி வைத்திருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்த இடத்துக்குச் சொந்தக் காலால் மிதித்துப் போய் நிற்பது வேறு அனுபவம்.

அங்கிருந்து திரும்பும்போது காட்டுத் தடத்தில் ஒரு தடி எகிறி, பின்னால் தொங்கும் கியர் மாற்றிக்குள் போய், அதைப் பிரேமோடு பிடிக்கும் சின்ன அலுமினியத் துண்டு முறிந்தது. பின்னேரம் மூன்று மணி. பொழுது பட்டால் யானை வரும் பக்கம் அது, அதனால் நின்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. எங்களில் ஒருத்தி பையைத் திறந்து செயின் ஆணி தள்ளும் சாவியை எடுத்தாள். முறிந்ததைக் கழற்றினாள், செயினைக் கட்டையாக்கினாள், முன்னுக்கு நடுப் பல்லிலும் பின்னுக்கு அதற்கு நேரான பல்லிலும் போட்டு மூட்டினாள். கியர் சைக்கிள் இருபது நிமிசத்தில் ஒற்றைக் கியராகி வீடு வந்தது. அன்றிலிருந்து எங்கட பையில் எப்போதும் இருப்பவை: அந்தச் சாவி, இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், பம், ஆறு கோணச் சாவிகள், அவரவர் பிரேமுக்குப் பொருந்தும் அந்த அலுமினியத் துண்டு ஒன்று, ஒரு பழந்துணி. துணி முள்ளுக்கு. டியூபை ஒட்ட முதல் டயருக்கு உள்ளே துணியால் தடவினால், மிஞ்சின முள் நூலில் கொழுவும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த கிலோமீற்றரில் திரும்ப இறங்க வேண்டியதுதான்.

தெற்கே கிண்ணியாப் பக்கம். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அதற்கு முந்தி இந்த வழியால் போனவர்கள் 'பாதை'யில் ஏறி இறங்கித்தான் மூதூர்ப் பக்கம் போக முடிந்தது. பாலத்தில் பக்கக் காற்று ஹாண்டிலைப் பிடுங்கும். அக்கரையில் தேத்தண்ணிக் கடை நானா, "எங்க மகன் இந்த வெயிலுக்குள்ள?" என்று கேட்டுக்கொண்டே ஐந்து பிளேன்டீயை வைப்பார்.

நாங்கள் போனது சம்பூருக்கு. எங்களில் ஒருத்தியின் ஊர். 2006 இல் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, 2015 க்குப் பிறகுதான் திரும்பக் குடியேறிய இடம். அவள் கைக்குழந்தையாக வெளியே வந்தவள். எங்களுக்குக் கிணற்றடியைக் காட்டினாள். வீடு இருந்த இடத்தை அவளுக்கும் அவளின் அப்பாதான் காட்டியிருந்தார். குறுக்கால் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டோம். அப்பா சொன்னார்: "மாடு போன தடத்தால போங்கோ பிள்ளையள். மாடு போகாத இடத்துக்கு நீங்களும் போகாதேங்கோ."

வெளிநாட்டு வீடியோக்களில் புதுத் தடம் வெட்டுவது வீரம். எங்கட மண்ணில் தடம் மாறுவதற்கு வேறு விலை இருந்தது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான், வடக்கிலும் கிழக்கிலும் அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நடந்தது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக நாங்கள் பற்றைக்குள் இறங்குவதில்லை. சனம் நடக்கும் பாதை, மாடு போகும் பாதை, விறகுக்குப் போகும் பாதை. ஊர் ஆட்களைக் கேட்ட பிறகுதான் சில்லு திரும்பும். கேட்பதால் ஒரு நன்மையும் உண்டு: பாதை சொல்பவர் பாதையை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை.

நிற்கும் சைக்கிள்கள்

ஐந்து பேர் இப்போது மூன்று பேர். ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான், ஒருத்தி படிக்க லண்டனுக்கு. எங்கட வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருவரும் சைக்கிளை விற்கவில்லை. "வருவன், வச்சிருங்கோ" என்று தந்துவிட்டுப் போனார்கள்.

நிற்க வைத்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடை ஐயா விடவில்லை. "ஓடுற சைக்கிளைவிட நிக்கிற சைக்கிளைத்தான் பிள்ளை உப்பு முதல்ல தின்னும்" என்றார். உண்மைதான். ஓடும்போது கிறீஸ் உள்ளே சுற்றிப் பரவிக்கொண்டே இருக்கும், நாங்களும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்போம். நின்றால் உப்பு ஒரே இடத்தில் இருந்து வேலை செய்யும். அதனால் முறை வைத்து ஓடுகிறோம். ஒரு சனிக்கிழமை கட்டார் சைக்கிள், மற்றச் சனிக்கிழமை லண்டன் சைக்கிள். கழுவித் துடைத்து, செயினை அளந்து, படம் எடுத்து அனுப்புகிறோம். இரவு அங்கிருந்து "பின் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கு" என்று பதில் வரும்.

ஐயாவுக்கும் வயது போகிறது. பிள்ளைகள் ஊரில் இல்லை, கடையில் வேலை பழக ஆள் வருவதில்லை. சில்லுக் கம்பியைச் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் காது அவரோடு நின்றுவிடக் கூடாது. அதனால் ஓட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் அவரின் கடை வாசலில் குந்தியிருந்து சில்லு நேராக்கப் பழகுகிறோம். ஒருவருக்குக் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது, மற்ற இருவருக்கும் சில்லு இன்னும் நெளிந்துதான் சுற்றுகிறது.

திருகோணமலையில் இருக்கிறீர்கள், உங்களிடம் சைக்கிள் இல்லை என்றால் வாருங்கள், ஓட ஆள் இல்லாத இரண்டு நிற்கின்றன. உயரத்தை மட்டும் முதலே சொல்லுங்கள், சீற்றை இறக்கி வைக்கிறோம். குழாய் இறுகவில்லை.