கரிகாலனைக் கொன்றது யார்?

மூன்றாம் பாகத்துக்குக் 'கொலை வாள்' என்று பெயர் வைத்துவிட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை ஐந்தாம் பாகம் வரை உயிரோடு நடமாட விட்டவர் கல்கி. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் படித்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் காத்திருந்த காரணம் வேறு. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாமாவிடம் இருந்த பைண்டு புத்தகங்களில் ஐந்தாவதை யாரோ பண்டாரவளைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. வரியின் முதல் இரண்டு எழுத்து தையலுக்குள் மாட்டிக்கொள்ளும், ஊகித்துத்தான் படிக்க வேண்டும். மணியம் வரைந்த பெரிய பழுவேட்டரையரின் மீசைக்கு மேல் எவனோ பேனாவால் இன்னும் மீசை போட்டிருந்தான். லயக்காம்பராவில் குப்பி லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்தால், "விடிஞ்சா பெரட்டுக்குப் போகணும், லாம்ப அமத்துடா" என்று அம்மா சத்தம் போடுவார்.

வந்தியத்தேவன் இலங்கையில் இறங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்புள்ளைக்குப் போகிறான், அநுராதபுரத்துக்குப் போகிறான், ஊவாப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் சிங்கள ராஜா மகிந்தன் ரோகண மலைகளில் ஒளிந்திருக்கிறான் என்று வந்ததே, அது போதும். பழைய ரோகணத்தில் எங்கள் ஊவா மலைகளும் அடக்கம். 220 மீட்டர் விழும் தியலும அருவியின் தலைமாட்டில் நின்றால் வெல்லவாயச் சமவெளி முழுக்கத் தெரியும். மகிந்தன் வசம் இருந்த பாண்டியன் மகுடம் அங்கேதான் எங்கேயோ என்று தம்பியும் நானும் பாறை இடுக்கெல்லாம் கைவிட்டுப் பார்த்தோம். ராஜேந்திர சோழனின் படை 1017 வாக்கில் மகுடத்தையும் ஐந்தாம் மகிந்தனையும் சேர்த்தே கொண்டுபோன விஷயம் அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் ஊர் கொஸ்லந்த என்றாலே வெளியார் இப்போது 2014 மீரியபெத்த மண்சரிவைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனாலும் இந்த ஊரில் ஒரு பையன் கொலைகாரனைத் தேடித் தூக்கம் கெட்டான் என்பதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டாமா?

ஐந்தாம் பாகம் ஒருவழியாக வந்தது. கடம்பூர் மாளிகை. இருட்டு. கரிகாலன் கீழே கிடக்கிறான், பழி வந்தியத்தேவன் தலையில். தான் எறிந்த கத்திதான் என்கிறார் பெரிய பழுவேட்டரையர். நந்தினி? ரவிதாசன்? கல்கி கடைசிவரை சத்தியம் பண்ணவில்லை. அன்று வந்த கோபம் கொஞ்சமில்லை. இன்று யோசித்தால், முடிச்சை அவிழ்த்திருந்தால் ஒரே வாசிப்போடு மூடி வைத்திருப்பேன்.

பிறகுதான் உடையார்குடிக் கல்வெட்டு பற்றித் தெரிய வந்தது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. அதில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களே வெட்டப்பட்டிருக்கின்றன. கதையில் மந்திரவாதியாகத் திரியும் ரவிதாசனுக்குக் கல்லில் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற பட்டம், பரமேசுவரனுக்கோ இருமுடிச்சோழ பிரமாதிராயன். சோழன் பெயரையே பட்டமாகச் சுமந்தவன்! அவர்கள் காணியைப் பறிக்கும் ஆணை வந்ததோ ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில். கொலை நடந்து, உத்தம சோழன் ஆண்டு முடிந்த பிறகு. நடுவில் அத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தார்கள்? இதை வைத்துத்தான் சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். வேறு அறிஞர்கள் ஒப்பவில்லை. எனக்கு சாஸ்திரி கட்சிதான் பிடிக்கும், ஆதாரத்தால் அல்ல, கதை ருசியால்.

'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு வந்த தம்பி மகள் வேறு தீர்ப்போடு வந்தாள். "அவராவே சாவத் தேடிக்கிட்டாரு பெரியப்பா." கல்வெட்டைச் சொன்னேன். "பேரே இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்?" அது கொலை விசாரணைக் கல் இல்லை, துரோகிகளிடமிருந்து பறித்த காணியை ஒருவர் வாங்கித் தானம் கொடுத்ததைச் சொல்ல வந்த கல் என்றேன்.

"காணிக் கதையா? அப்ப அந்தக் காணி யாருக்குப் போச்சுன்னு பாக்கணுமே" என்று முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.