கிருமியின் கத்தரிக்கோல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-இல் சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது, திராட்சைக் கொத்துப் போலத் திரண்டிருந்த கிருமிகளைக் கண்டார். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே ஸ்டெபிலோகாக்கஸ் என்று பெயரும் இட்டார். அவற்றுள் பொன்னிறமானது ஆரியஸ். நம்மில் பலருடைய மூக்கில் அது சாதுவாகக் குடியிருக்கிறது. சமயம் வாய்த்தால் கட்டியாகவும் புண்ணாகவும் புறப்பட்டு, சில வேளை உயிரையே குடித்துவிடுகிறது.

புரதங்களை வெட்டும் நொதிகளை இக்கிருமி வெளியே சுரக்கிறது. புரோட்டியேஸ் எனப்படும் அவற்றுள் முக்கியமானவை பத்து. என் தந்தையார் தையற்காரர்; ஆதலால் இவற்றைக் கத்தரிக்கோல்களாக எண்ணிப் பார்ப்பதே எனக்கு எளிதாயிற்று. ஆரியோலைசின் என்ற கத்தரி, இரத்தத்திலுள்ள 'சி3' என்னும் காவற் புரதத்தை வெட்டுகிறது. ஸ்டெபோபெயின் ஏ என்பதோ, வெள்ளணுக்கள் உடலின் அபாய அழைப்பைக் கேட்கும் காதையே அறுத்துவிடுகிறது. எத்தகைய திருடன், பாருங்கள்!

'வி8' என்ற கத்தரி எங்கள் வீட்டு வழக்கொன்றைத் தீர்த்தது. என் தங்கைக்குக் கரப்பான். இரவெல்லாம் சொறிவாள். "சொறியாதேடி, கையைக் கட்டிப் போட்டுடுவேன்" என்று அம்மா அதட்டுவார். கரப்பான் கண்ட தோலில் இக்கிருமி மிகுதியாகக் குடியேறுவதுண்டு. வி8 நொதி நரம்பு முனையிலுள்ள 'பார்1' என்ற புரதத்தை வெட்டுவதாலேயே அரிப்பு எழுகிறது என்பதை, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2023-இல் சுண்டெலிகளில் காட்டினர். இதை வீட்டில் சொன்னேன். "அப்போ அவ வேணும்னு சொறியலையா?" என்று கேட்ட அம்மா, பிறகு அவளை அதட்டவில்லை.

"கத்தரியைப் பிடுங்கிட்டா தீர்ந்துதே?" என்றார் அப்பா. அங்கேதான் வியப்பு! பத்து நொதிகளையும் இழந்த கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. உறுப்புகளில் சீழ்க்கட்டிகள் குறைந்தன. ஆனால் எலிகளின் சாவு கூடியது. ஏனெனில், அக்கத்தரிகள் நம் புரதங்களை மட்டுமல்ல, கிருமியின் சொந்த நச்சுப் புரதங்களையும் வெட்டி அடக்கி வைத்திருந்தன. கத்தரி போனதும் நஞ்சு ஓங்கிவிட்டது.

ஆகவே, எல்லாக் கத்தரிகளையும் ஒருசேரப் பிடுங்குவது மருத்துவமாகாது. எதை, எங்கே தடுப்பது என்று அறிய வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெட்டுப்படும் இடத்தையே காத்தனர். பார்1-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்ததும் எலிகளின் அரிப்பு குறைந்தது. மனிதரின் அரிப்புக்கு அது உதவுமா என்பதை இனி வரும் ஆய்வுகளே சொல்ல வேண்டும்.

நண்பர்களே, பரீட்சைக்காக நாம் உருப்போடும் நொதிகளின் பெயர்கள், படிக்க வாய்ப்பில்லாத நம் வீட்டாரின் உடம்பிலும் வேலை செய்கின்றன. அவர்களுக்குப் புரியும் சொல்லில் அவற்றை எடுத்துச் சொல்வதும் நம் படிப்பின் ஒரு பகுதியே அன்றோ?