பத்துக்கு அஞ்சு



போன சனிக்கிழமை ஊர்த் தம்பி ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். ஸ்காபரோவில் எங்கள் தெருவில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். விலையும் கட்டுப்படியாகும். ஆனால் கைபேசியை என் முன்னால் நீட்டினார். "அண்ணை, இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு அஞ்சுதான் போட்டிருக்கு. பிள்ளையை எப்பிடி விடுறது?"

என் இரண்டு பிள்ளைகளும் படித்த பள்ளிக்கூடம் அது.

இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்குப் பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணைக் கண்டதும் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஒன்ராறியோவில் மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணிதத்துக்கு மாகாணச் சோதனை உண்டு. நான்கு படிகளில் மூன்றாவதைத் தொட்டால் மாகாணத் தரம். அந்தப் பெறுபேறுகளை வைத்து ஃபிரேசர் இன்ஸ்டிடியூட் என்ற தனியார் ஆய்வு நிறுவனம் பள்ளிகளுக்குப் பத்துக்குப் புள்ளி போடுகிறது. இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 4 வீதம். அதில் மூன்று பேர் போன மாரியில் விமானத்தால் இறங்கியவர்கள் என்றால்?

ரொறன்ரோ கல்விச் சபையிடம் வேறொரு பட்டியல் இருக்கிறது. குடும்ப வருமானம், அரச உதவிப் பணம், பெற்றோரின் படிப்பு, தனியாகப் பிள்ளை வளர்ப்போர் என்று பார்த்து, சிரமம் கூடிய பள்ளியை அதில் முதலில் வைப்பார்கள். ஒரு பட்டியலில் மேலே இருப்பவை பெரும்பாலும் மற்றதில் கீழே கிடக்கும்.

1998 முதல் மாகாணம்தான் பள்ளிகளுக்குப் பணம் பங்கிடுகிறது. இருந்தும் வசதியான பகுதிப் பெற்றோர் திரட்டும் நிதிக்கும், நாங்கள் ரோல்ஸ் விற்றுச் சேர்த்த காசுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மகளின் மூன்றாம் வகுப்பில் வாசிப்புக்கு உதவப் போவேன். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பையன் செப்டெம்பரில் படத்தை மட்டும் தொட்டுக் காட்டுவான். ஆசிரியை தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பக்கத்தில் இருத்திக்கொள்வார். மே மாதம் அவன் ஒரு பக்கம் முழுவதையும் விரல் வைத்து வாசித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் படியைத் தொட்டிருக்க மாட்டான். பள்ளியின் புள்ளியை இறக்கியவர்களில் ஒருவனாகவே கணக்கில் வந்திருப்பான். அந்த வகுப்பில் அவனளவு தூரம் வந்த பிள்ளையை நான் காணவில்லை.

சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே சிரமமுள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்று ஐந்தாறு வருடம் தொடர்ந்து பின்தங்கினால், போய்க் கேட்கத்தான் வேண்டும். வசதியான தெருவையும் வாடகை மாடித் தெருவையும் ஒரே கோலால் அளப்பதுதான் அநியாயம்.

வீடு தேடுகிற உறவுகளே, காசு கட்டுவதற்கு முன் ஒரு காலை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அதிபரோடு கதையுங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் மாதம் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.