இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை?

கோலார் தங்க வயலில் என் வயதுப் பையன்களுக்கு இரண்டு வழிகள்தான் தெரியும். ஒன்று, கூண்டில் ஏறி சுரங்கத்துக்குள் இறங்குவது. மற்றொன்று, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து, சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போவது. அப்பா முதல் வழியில் போனார். நான் இரண்டாவது வழியில் போய் கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலில் பிழைத்தாயிற்று. உருப்படியாகக் கற்ற பாடங்கள் எவை என்று யோசித்தால், முக்கியமான இரண்டும் அப்பா சொன்னவை. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது.

1996. ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்கைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை. நான் எழுதிய புரோகிராம் ஒரு கோளாறும் காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய சம்பளப் பட்டியலில் 41 பேரைக் காணோம். பிரிவு மாற்றத்தில் இருந்தவர்கள் அவர்கள். பிரிவு எண் காலியாக இருந்தால் அடுத்த பெயருக்குப் போ என்று எழுதி வைத்தவன் நான்தான். ஒருவர் நேரில் வந்து கேட்டார்: "சார், என் பேரு எங்க போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எறங்கினவங்க எத்தனை, ஏறினவங்க எத்தனைன்னு எண்ண மாட்டியா?"

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம். ஷிப்ட் முடிந்து ஓர் ஆள் குறைந்தாலும், எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அன்று முதல், உள்ளே போன பதிவுகளையும் வெளியே வந்தவற்றையும் ஒப்பிடாமல் எந்த புரோகிராமையும் நான் முடித்ததில்லை.

இரண்டாவது பாடம் கல்லைப் பற்றியது. தாதுவை வெட்டியெடுத்த வெற்றிடம் இடிந்து விழாமலிருக்க கருங்கல் அடுக்கித் தாங்கல் கொடுப்பார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும்; அப்படிப் போன உயிர்கள் ஏராளம். "எதைத் தாங்குதுன்னு தெரியாம எந்தக் கல்லையும் எடுக்காதே" என்பார் அப்பா.

1999-இல் உலகமே இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்சினையில் தவித்தபோது, பழைய புரோகிராம் ஒன்றில் விசித்திரமான வரி ஒன்று கண்ணில் பட்டது: ஆண்டு 30-க்குக் கீழே இருந்தால் 100 கூட்டு. குப்பை என்று நீக்கப் போனேன். கல் நினைவுக்கு வந்தது. விசாரித்தேன். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் வைத்த தாங்கல் அது. அதை எடுத்திருந்தால், 2004-இல் ஓய்வு பெற வேண்டியவர்கள் 1904-லேயே ஓய்வு பெற்றிருப்பார்கள்!

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சிவிட்டது என்றார்கள். அப்பாவின் கைத்திறனுக்கு ஒரே நாளில் மதிப்பில்லாமல் போயிற்று. நான் கற்ற கம்ப்யூட்டர் மொழிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் பழசாகின. இப்போது புரோகிராமை இயந்திரமே எழுதித் தருகிறது. வேகமாகவும் எழுதுகிறது.

எழுதட்டும். விட்டுப்போன 41 பேர் அதனிடம் வந்து கேட்கப் போவதில்லை. நம்மிடம்தான் கேட்பார்கள்.