ஓநாய் வேட்டை நாயும் தெப்ராவ் வெயிலும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடங்களில் இப்போது தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள் நிற்கின்றன. சாப்பாட்டுக் கடை, சலவைக் கடை, கைப்பேசிக் கடை என்று நீளும் கடைவீட்டு வரிசையில் நாய் குளிப்பாட்டும் கடை ஒன்றையும் பார்க்கலாம். அங்கே வருபவை பெரும்பாலும் பூடல், ஷிட்சு, பொமரேனியன் போன்ற சின்ன நாய்கள். ஒரு கையால் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். நான் போயிருந்த காலையில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அப்படிப்பட்ட உருப்படி இல்லை. நீண்ட மூக்கு, வளைந்த முதுகு, வெள்ளையில் பழுப்புத் திட்டுகள், தரையைத் தொடும் வால். ரஷ்யாவின் போர்சோய்.

“மேசை வேணாம் தம்பி, கீழயே ரப்பர் பாயைப் போடு” என்றார் கடையை நடத்தும் அக்கா. ஆண் போர்சோயின் தோள் உயரமே 75 முதல் 85 சென்டிமீட்டர். எடை நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். உயரமான மேசையிலிருந்து அது குதித்தால் மெல்லிய கால் எலும்புக்கு ஆபத்து.

உடனே தண்ணீரைத் திறக்கவில்லை. உதவிக்கு இருந்த இளைஞர் முதலில் விரல்களாலேயே நாயின் உடம்பு முழுவதையும் தடவிப் பார்த்தார். காதுமடல், கால்விரல் இடுக்கு, முன்காலுக்கு உள்பக்கம், வாலின் அடி. உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவைதாம். “அக்கா, இங்க ஒண்ணு இருக்கு” என்று அவர் சொன்னதும் இடுக்கி வந்தது. தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக இழுத்தார் அக்கா. இந்த நாட்டு வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் கிடையாது. அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் இரத்தத்தைத் தாக்கி, நாயைச் சோர்ந்து படுக்க வைத்துவிடும். இதயத்திலும் நுரையீரல் நாளங்களிலும் குடியேறும் புழுவைக் கொசு கொண்டுவருகிறது. இரண்டுக்கும் மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது சீப்பு வேலை. போர்சோயின் ரோமம் தலையிலும் காதிலும் குட்டையாக, கழுத்தில் சுருண்டு, முன்கால்களின் பின்புறத்திலும் தொடையிலும் வாலிலும் பட்டு நூலாகத் தொங்கும். சிக்கு விழுவது இந்தத் தொங்கு ரோமத்தில்தான். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும்; நனைந்தால் முடிச்சு இறுகி, கத்தரிக்கோல் வைக்க வேண்டியதாகிவிடும். முடிச்சின் வேரை இடது கையால் அழுத்திக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார் இளைஞர். தோல் இழுபடாததால் நாய் முனகவே இல்லை.

குளிப்பாட்டல் சீக்கிரம் முடிந்தது. நேரம் போனது காய வைப்பதில். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார்கள். பிறகு புளோவரில் சூட்டைக் குறைத்து, காற்றைக் கூட்டி, ரோமத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தோல் தெரியும்வரை ஊதினார்கள். மேலே காய்ந்து அடியில் ஈரம் தங்கினால், ஜொகூரின் புழுக்கத்தில் அது தானாகக் காயாது. அங்கே தோல் சிவந்து, நீர் கசிந்து, புண்ணாகும், பூஞ்சையும் பிடிக்கும். இவர்கள் தொழிலின் நுணுக்கமே இந்தக் காய வைக்கும் வேலையில் இருக்கிறது. “சும்மா குளிப்பாட்டுறதுக்கு இவ்வளவு காசா” என்று கேட்கும் வாடிக்கையாளர்களின் கண்ணில் படாமல் போவதும் அதுதான். புளோவர் இரைச்சலுக்காகக் காதை அடைத்துக்கொண்டு, பறக்கும் ரோமத்துக்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு, குனிந்த முதுகோடு நடக்கிற வேலை இது.

வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடிக்கச் சொல்லும் உரிமையாளர்களும் வருகிறார்களாம். அக்கா ஒப்புக்கொள்வதில்லை. ரோமம் நேர்வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. வெள்ளை நாய்க்குத் தோல் வெந்துபோகும் அபாயம் கூடுதல். நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைப்பதன் மூலம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். ஆகவே நடை பொழுது விடிவதற்கு முன், அல்லது இருட்டிய பின். கட்டுக்கடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், இரத்தச் சிவப்பான ஈறு, தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் உடனே உடம்பைத் தண்ணீரால் நனைத்து, விசிறி வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இந்த நாயின் ஊரோ குளிர் நாடு. ஜார் ஆட்சிக் காலத்தில் ரஷ்யப் பிரபுக்கள் பனி மூடிய வெட்டவெளியில் ஓநாயைத் துரத்தப் பழக்கிய இனம் இது. இரண்டு மூன்று போர்சோய்கள் சேர்ந்து ஓடி, ஓநாயின் கழுத்தைக் கவ்வித் தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குதிரையில் வரும் வேட்டைக்காரர் அதை உயிரோடு கட்டுவதும் உண்டு. துலா மாநிலத்துப் பெர்சினோவில் 1887 முதல் இளவரசர் நிகலாய் நிகலாயெவிச் நடத்திய நாய்ப்பண்ணை இந்த இனத்துக்குப் பெயர்போனது. 1917 புரட்சியில் பிரபுக்களோடு அவர்களின் பண்ணைகளும் சிதைந்தன. ஏற்கெனவே வெளிநாடுகளுக்குப் போயிருந்த நாய்களும், ரஷ்யக் கிராமத்து வேட்டைக்காரர்களிடம் எஞ்சியவையுமே இனத்தைக் காப்பாற்றின. அமெரிக்காவில் 1936 வரை இதற்கு ‘ரஷ்ய ஓநாய் வேட்டைநாய்’ என்றே பெயர்.

அக்காவின் அப்பா தோட்ட லயத்தில் வளர்த்த நாய்களும் வேட்டை நாய்கள்தாம். ஆனால் அவை வேறு ரகம். செம்பனைத் தூருக்குள் காட்டுப்பன்றியை மோப்பம் பிடித்து, குரைத்து, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கலப்பு நாய்கள். போர்சோய் கண்ணால் வேட்டையாடுவது. தூரத்தில் ஏதாவது அசைந்தால், சத்தமில்லாமல் பாய்ந்துவிடும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் திரும்பாது. தெப்ராவ் தாமானில் அசைவது அடுத்த வீட்டுப் பூனையாகவோ, வாய்க்காலோரத்து உடும்பாகவோ இருக்கலாம். குறுக்கே வருவது லாரியாகவும் இருக்கலாம். வாரும் உயரமான வேலியும் இல்லாமல் இதை வெளியே விடக்கூடாது. தலை கழுத்தைவிடக் குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டைதான் சரி.

தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாயும் இதே குடும்பத்துச் சாயல்: கூர்மூக்கு, ஆழமான நெஞ்சு, ஒடுங்கிய வயிறு, கண்ணால் வேட்டை. தோலோடு ஒட்டிய குட்டை ரோமம் அதைக் கரிசல் வெயிலுக்குப் பொருத்தமாக்கியது. அதே மண்ணின் இராஜபாளையம் நாயை இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட நான்கு நாயினத் தபால்தலைகளில் ஒன்றில் பார்க்கலாம். வெப்ப நாட்டு வீட்டுக்கு வெப்ப நாட்டு நாய் என்ற வழி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

போர்சோயின் உடல்வாகு மருத்துவரையும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் தயோபென்டால் போன்ற பழைய மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களில் நெடுநேரம் தங்கிவிடும். அறுவைக்கு முன் இனத்தைச் சொல்லியே தீர வேண்டும். ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை வாயுவால் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் ஓட விடக்கூடாது. வயிறு வீங்கி, குமட்டியும் வாந்தி வராமல் தவித்தால் ஒரு மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கலாம். முழங்கையில் சதை இல்லை, வெறும் டைல்ஸ் தரையில் படுத்தால் புண் வரும், மெத்தை வேண்டும். இதையெல்லாம் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர்கள் மாதந்தோறும் அந்த உடம்பைத் தடவிப் பார்க்கும் இந்தத் தொழிலாளர்கள்தாம்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்குக்கு வேண்டிய கவனிப்பைத் தருவது உரிமையாளரின் கடமை. கொடுமைக்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நாய்க்கு நகராண்மை உரிமமும் எடுத்திருக்க வேண்டும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்று போர்சோய் குட்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் பக்கத்துக் குளிப்பாட்டும் கடையில் போய் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். குளிர்ந்த அறை, உயரமான வேலி, வாரத்தில் சில முறையாவது சீப்புப் பிடிக்கும் பொறுமை ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும், இந்த நாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.