சொல்லிச் செய்விக்கும் மேசை

பாரிஸ் லாசப்பலில் தாலிக்கொடி செய்யக் கொடுக்கும்போது எங்கள் ஆட்களைக் கவனித்திருக்கிறேன். எத்தனை பவுன், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்று எல்லாம் கேட்டு, துண்டில் எழுதி வாங்கிய பிறகுதான் கடையை விட்டு இறங்குவார்கள். அதே குடும்பம் செவ்ரானில் வீடு வாங்கியதும், சாலோனுக்கு மரமும் எபொக்சியும் சேர்ந்த மேசை வேண்டுமென்று, கைபேசியில் படம் பார்த்த கையோடு முற்பணத்தை அனுப்பிவிடுகிறது. நகைக்கு இருக்கும் நிதானம் மேசைக்கும் வேண்டும் பிள்ளைகளே.

வால்நட் அல்லது ஓக் பலகையை அதன் இயல்பான விளிம்போடு எடுத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே நிறம் கலந்த எபொக்சிப் பிசினை ஊற்றி ஆறு ஓடுவதுபோல் செய்வார்கள். பிசினோடு இறுக்கியைக் கலந்தவுடன் சூடு பிறக்கும். தடிப்பாக ஒரேயடியாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே வெடிப்பு விழும். அதனால் ஆழமாக ஊற்றுவதற்கென்று மெதுவாக இறுகும் பிசின் வேண்டும். இல்லையென்றால் படிப்படியாக ஊற்றவேண்டும். பிறகு தேய்ப்பு, மெருகு. அவசரப்படுத்தினால் கெடும் வேலை இது.

ஆனாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது மரத்தைப் பற்றித்தான். எங்கள் ஊர் ஓடாவிமார் பலாப்பலகையையும் வேப்பம்பலகையையும் நிழலில் அடுக்கிக் காயவிட்ட பிறகுதான் உளியை எடுப்பார்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காற்றில் காயவேண்டும் என்பது ஐரோப்பியத் தச்சரும் சொல்லும் கணக்கு. சூளையில் உலர்த்தினால் விரைவில் முடியும். வீட்டுத் தளபாடத்துக்கு மரத்தில் ஈரம் 8 முதல் 12 சதவீதம்வரை இருக்கலாம். மாரியில் வெப்பமூட்டி எரியும் எங்கள் வீடுகளில் காற்று வறண்டுவிடும். மரம் அகலவாக்கில் சுருங்கும். பிசின் அப்படிச் சுருங்காது. ஈரம் குறையாத பலகை என்றால் இரண்டும் சேரும் கோட்டில் பிளவு தெரியும், அல்லது மேசை வளையும். ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? நல்ல தச்சர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

உங்கள் வீட்டைப் பற்றியும் அவருக்குச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப்பானையை நேரே மேசையில் வைக்கும் வீடுகள் எங்களுடையவை. சாதாரண எபொக்சி அந்தச் சூட்டில் இளகி அடையாளம் வாங்கிவிடும். யன்னல் வெயில் நாள்பட அதை மஞ்சளாக்கும். இரண்டு மீற்றர் நீளம், தொண்ணூறு சென்ரிமீற்றர் அகலம், ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பு, பாதி மரம் பாதி பிசின் என்றால் மேற்பலகை மட்டும் ஏறக்குறைய 80 கிலோ. அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டின் அளவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முதலே அளந்து கொடுக்கவேண்டும். கால்கள் கழற்றிப் பூட்டக்கூடியவையாக இருக்கட்டும்.

பண விஷயத்தில் சட்டம் தெரிந்திருக்கவேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற உரிமை, உங்கள் அளவுக்கென்று செய்த பொருளுக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் கிடையாது. முற்பணத்திலும் இரண்டு வகை. 'ஆர்' என்று கொடுத்தால் அதை இழந்து விலகலாம். செய்பவர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பவேண்டும். 'ஆகோந்த்' என்று எழுதினால் இரு பக்கமும் கட்டுப்பட்டுவிட்டது. அதனால் மரவகை, அளவு, நிறம், திகதி எல்லாம் இருக்கும் 'தெவி' என்ற விலைப்பத்திரத்தைப் படித்த பின்புதான் கையெழுத்து. மேசை தெவியில் எழுதியபடி இல்லையென்றால் கேட்க உங்களுக்கு இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது.

நேரம் இருந்தால் பாரிஸின் பன்னிரண்டாம் வட்டாரத்துக்குப் போய் வாருங்கள். போபூர் சாந் அந்துவானில் வேலைசெய்த தச்சர்களை 1657இல் பதினான்காம் லூயி சங்கங்களின் பிடியிலிருந்து விடுவித்தார். அதன்பிறகு அந்தப் பகுதி தளபாடத்துக்கே பெயர்பெற்றது. 1886இல் தொடங்கிய எக்கோல் பூல் இன்றும் அந்த வட்டாரத்தில்தான் தச்சும் தளபாடக் கலையும் கற்பிக்கிறது. பக்கத்திலேயே, பழைய ரயில் பாலத்தின் வளைவுகளுக்கடியில் கைவினைப் பட்டறைகள். கண்ணாடிக்கு வெளியே நின்றாவது வேலையைப் பாருங்கள். ஒரு பலகையில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று கண்டவருக்கு, கேட்ட விலையில் அரைவாசி குறை என்று சொல்ல வாய் வராது. கேள்விகளை எல்லாம் முற்பணத்துக்கு முன் கேளுங்கள். வேலை முடிந்து, எழுதியபடி மேசை வந்துவிட்டால் மிச்சக் காசை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.