கண்ணில் பூ: லாயத்துக் குறிப்புகள்

குதிரைக்குக் கண் வலித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது மேலிமை மயிர். நல்ல கண்ணில் அது வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். வலி கண்ட கண்ணில் தரையைப் பார்த்துச் சரிந்துவிடும். எதிரே நின்று இரண்டு கண்ணையும் ஒப்பிட்டால் போதும். நீர் வடிவது, பீளை தள்ளுவது, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவது எல்லாம் கூடவோ பின்னாலோ வரும். "காத்து அடிச்சிருக்கும், நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லாத லாயம் இல்லை. வயிற்றுவலி என்றால் நடுராத்திரியில் டாக்டரை எழுப்புகிற அதே ஆட்கள்தான் கண்ணென்றால் நாளைக்கு என்கிறார்கள்.

*

கண்மணியின் மேல் விளிம்பில் கறுப்பாக முண்டுமுண்டாகத் தொங்குவது கட்டி அல்ல. பிறவியிலேயே உள்ளது. புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் அதைப் பார்த்துப் பதறி போன் செய்வார்கள். உண்மையில் பதற வேண்டிய இடம் வேறு. குதிரையின் கண் பெரியது, தலையின் பக்கவாட்டில் துருத்தி நிற்பது. அதனால்தான் ஏறக்குறைய 350 பாகைக்குப் பார்வை ஓடுகிறது. அதனால்தான் சுவரில் நீட்டிய ஆணியும் வாளிக் கொக்கியும் வைக்கோல் முனையும் முதலில் அங்கேயே குத்துகின்றன.

*

கருவிழி வெளுத்தால் 'பூ விழுந்துடுச்சு' என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். உள்ளே நடப்பது புண்ணாக இருக்கலாம், உட்கண் அழற்சியாக இருக்கலாம், புழுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். மாட்டுக்குச் செய்கிறபடி புகையிலையை மென்று துப்புவது மூன்றுக்குமே கெடுதல்.

*

டாக்டர் முதலில் செய்யும் சோதனை ஃப்ளோரசின் சாயம். ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, சலைனால் கழுவுகிறார். கருவிழி முழுசாக இருந்தால் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். மேல்தோல் பெயர்ந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஒட்டி நிற்கும். பச்சை நின்றால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கூடவே கூடாது. போட்டால் சிவப்பு குறையும், குதிரையும் கண்ணைத் திறக்கும், நமக்கும் நிம்மதி. அடியில் கிருமியும் பூஞ்சையும் தடையில்லாமல் பெருகி, ஓரிரு நாளில் கருவிழி கூழாகிக் கரையத் தொடங்கிவிடலாம். அந்தக் கட்டத்தில் அந்தக் குதிரையின் ரத்தமே மருந்தாகிறது. கழுத்து நரம்பில் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது மட்டுப்படுத்துகிறது.

*

"சார், உள்ள ஏதோ நெளியுது."

டார்ச் அடித்துப் பார்த்தால், கருவிழிக்குப் பின்னால் உள்ள தெளிநீரில் வெள்ளை நூல் துண்டு ஒன்று சுருண்டு, நீண்டு, மறுபடி சுருண்டு நீந்துகிறது. செட்டாரியா புழு. இதன் சொந்த வீடு மாட்டின் வயிற்றறை. கொசு கடித்து வழிமாறிக் குதிரைக்குள் வந்தால் சில சமயம் கண்ணில் போய் நிற்கும். மாட்டுக் கொட்டகையும் லாயமும் ஒட்டியிருக்கும் நம் ஊர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். புழு ஊசியை மட்டும் நம்ப முடியாது. உள்ளேயே செத்தால் அந்த உடல் கண்ணைக் கொந்தளிக்க வைக்கும். மயக்கம் கொடுத்து, கருவிழி ஓரத்தில் சிறு கீறல் போட்டால், பீறிடும் நீரோடு புழு வந்துவிடும். கீறல் நொடி வேலை. மயக்கத்திலிருந்து எழுப்புவதும் பின்கவனிப்பும்தான் பெரிய வேலை.

*

மாதம் கழித்துத் திரும்பத் திரும்ப வரும் உட்கண் அழற்சியைப் பழைய காலத்தில் நிலவோடு சேர்த்துப் பேசினார்கள். உலகெங்கும் குதிரைகளைக் குருடாக்குவதில் இதற்குத்தான் முதலிடம். எலி மூத்திரம் கலந்த நீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி ஒரு முக்கியக் காரணம். அப்பலூசா இனத்துக்கு இது கூடுதலாக வருகிறது. இங்கே, பச்சை நிற்காத கண்ணில், ஸ்டீராய்டுதான் காப்பாற்றும். கூடவே கண்மணியை விரிக்க அட்ரோபின். அட்ரோபின் குடலையும் மந்தப்படுத்துமாதலால் லத்தி வழக்கம்போல விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு வைத்தியம் செய்யும்போது வாலுக்குப் பின்னாலும் ஒரு கண் வேண்டும்.

*

மருந்து எழுதிக் கொடுப்பது சுலபம். வலிக்கிற கண்ணை இறுக்கிக்கொண்டு தலையைத் தூக்கும் மிருகத்துக்கு மூன்று மணிக்கொரு தரம் அதை விடுவதுதான் கஷ்டம். அதற்கொரு நல்ல வழி: இமைக்குள்ளிருந்து மெல்லிய சிலிகான் குழாயைத் துளைத்து வெளியே எடுத்து, பிடரி மயிரோடு பின்னிக் கழுத்தடிவரை கொண்டுவந்துவிடுகிறார்கள். தோள் பக்கம் நின்றபடி சிரிஞ்சில் கொஞ்சம் மருந்து, பின்னாலேயே மெதுவாகக் காற்று. குதிரை கொள்ளு தின்றுகொண்டிருக்கும். இரண்டு மருந்தென்றால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் முதலாவதை இரண்டாவது கழுவிவிடும்.

*

ஒரு கண் போனால் குதிரை போய்விடாது. பேட்ச் என்ற குதிரை இடக்கண் இல்லாமலே 2017 கென்டக்கி டெர்பியில் ஓடியது. அதே ஆண்டு பெல்மான்ட் ஸ்டேக்ஸில் மூன்றாவதாக வந்தது. பார்வையில்லாத பக்கம் போகும்போது குரல் கொடுத்துவிட்டுத் தொட வேண்டும். தொட்டி, வாசல், கூட்டாளிக் குதிரை எதையும் இடம் மாற்றக் கூடாது.

*

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் சுழி பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், நடையும் பார்க்கிறார்கள். கண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்ப்பவர் அபூர்வம். வெயிலில் பார்த்தால் கண்மணி சுருங்கி உள்ளே இருப்பது தெரியாது. நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்திருந்தால், பழைய அழற்சியின் தழும்பா என்று டாக்டரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

*

லாயத்துப் பெட்டியில் இருக்க வேண்டியவை: டார்ச், சலைன் பாட்டில், சுத்தமான பஞ்சு, ஈ மொய்க்காமல் கட்டும் வலைமுகமூடி, டாக்டர் நம்பர். இருக்கக் கூடாதது: போன தடவை மிச்சமான சொட்டு மருந்து.